பட்டை மீண்டும் வளரும்: முழங்கால் அறுவைக்குப் பின் ஓய்வுக் காலம் கற்பிக்கும் பாடம்



திருவிழாக் காலத்தில் ஆலயத்திற்கு வரும் நம் மூத்தோரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். படியேறுமுன் ஒரு கணம் நின்று கைப்பிடியைத் தேடுவார்கள். மற்றவர்கள் தரையில் அமர்ந்து பஜனை பாடும்போது அவர்கள் தூணோரம் நின்றுகொண்டே இருப்பார்கள். "உட்காருங்கள் அம்மா" என்றால், "உக்காந்தா எந்திரிக்க முடியாதுய்யா" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னே பல்லாண்டு வலி மறைந்திருக்கிறது.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி இன்று நம்மிடையே பேசுவோர் பலர். அதற்குப் பின் வரும் நீண்ட நாட்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அறுவை இரண்டொரு மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. தேறுவதற்கோ மாதங்கள் ஆகின்றன. அந்த மாதங்களை எவ்வாறு கழிப்பது, அவற்றில் எங்கே ஆறுதல் காண்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். இது என் தாயாரின் கட்டிலருகே இருந்து நான் கற்றுக்கொண்ட பாடம்.

தோட்டமும் முழங்காலும்

என் தாயார் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். அந்த வேலையை அறியாத இளைய தலைமுறைக்காகச் சற்று விளக்குகிறேன்.

விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்குடன் நிரைக்குச் செல்ல வேண்டும். ஒரு நிரையில் ஏறத்தாழ 500 மரங்கள் இருக்கும். புது மரத்தில் வெட்டு நெஞ்சுயரத்தில் தொடங்கும். ஒவ்வொரு முறையும் மெல்லிய பட்டை சீவப்படுவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கோடு கீழிறங்கி வேருக்கருகே வந்துவிடும். அப்போது சீவுபவர் மரத்துக்கு மரம் குந்தி, சீவி, எழ வேண்டும். 500 மரம் என்றால் 500 முறை. பிறகு பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, மேடும் பள்ளமும் கடந்து ஸ்டோருக்குச் சுமந்து வர வேண்டும். குந்தி எழுவதும் பாரம் சுமப்பதும் பல்லாண்டு தொடர்ந்தால் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மருத்துவ உலகம் இன்று ஒப்புக்கொள்கிறது. நம் தாய்மார்களின் முழங்கால் அதை முன்பே அறிந்திருந்தது.

முழங்காலில் தொடை எலும்பின் நுனியும் கீழ்க்கால் எலும்பின் தலையும் உரசாமல் காப்பது ஒரு வழவழப்பான குருத்தெலும்பு. அது தேய்ந்து போனால் எலும்போடு எலும்பு உரசும். அறுவையில் அந்தத் தேய்ந்த முனைகளைச் செதுக்கி, உலோகக் கவசம் பொருத்தி, இடையே கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைக்கிறார்கள். என் தாயாருக்கு அவருடைய 71ஆம் வயதில், தைப்பொங்கல் முடிந்த மறு வாரம் வலது காலில் இந்தச் சிகிச்சை நடந்தது.

பத்தாம் நாள்

அறுவைக்கு மறுநாளே அவரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண், "பெலான்-பெலான், மக்சிக்" என்று கையைப் பற்றிக்கொண்டே சொன்னார். மெல்ல மெல்ல என்று பொருள். அந்த இரண்டு வார நாட்களில் நாங்கள் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

வீட்டுக்கு வந்தபின் நிலைமை மாறியது. இரவில் உறக்கமில்லை. கால் வீங்கிச் சூடாக இருந்தது. தழும்பின் வெளிப்பக்கம் தொட்டால் மரத்துப் போயிருந்தது. கழிவறைக்குப் போக ஒருவர், குளிக்க ஒருவர் துணை வேண்டியிருந்தது. பத்தாம் நாள் காலையில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பயிற்சி செய்ய மறுத்துவிட்டார்.

"என்னால ஒரு வேலையும் ஆகல. நான் ஒருத்தி திங்கிற சோத்துக்கு நீங்க மூணு பேரு ஓடுறீங்க. இந்தக் காலு இனி வராது."

அந்த நேரத்தில் நான் செய்தது பெருந்தவறு. "பக்கத்து வீட்டு அத்தை ஒரே மாதத்தில் கடைக்கு நடந்து போனாரே, நீங்கள் ஏன் இப்படி?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை. பிணியாளரிடம் பிறருடைய வேகத்தைச் சொல்லிக் காட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

மாலையில் கட்டுப் பிரித்துத் துடைத்தபோது அவர் தழும்பை உற்றுப் பார்த்தார். "கோடு நேராத்தான் போட்டிருக்காங்க" என்றார். சீவியவர் அல்லவா! வெட்டுக்கோட்டைப் பார்த்ததும் தொழில் நினைவு வந்துவிட்டது.

"சீவின பட்டை திரும்ப வளர எத்தனை நாளாகும்மா?" என்று கேட்டேன்.

"நாளா? வருசக் கணக்காவும். நீ தெனம் போயி மொறச்சுப் பாத்தா வளந்துடுமா? அதுபாட்டுக்கு வளரும்."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்தத் துண்டை எடு" என்றார். பாதத்துக்குக் கீழே துண்டை மாட்டி இழுத்துக் காலை மடக்கும் பயிற்சியைத் தாமே தொடங்கினார்.

மரம் சொன்ன பாடம்

பால்மரத் தொழில் இந்நாட்டில் நிலைபெற ஒரு காரணம், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் கண்டு காட்டிய சீவும் முறையாகும். மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் பால் வரும். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். அதே இடத்தில் மறுபடியும் சீவலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஆழமாக வெட்டி உட்கட்டையைத் தொடக்கூடாது. மரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஆகையால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவும் வழக்கம் பரவியது.

அன்பர்களே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். மரத்தின் ஓய்வுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். அந்த மரத்தைச் சீவிய கால்களுக்கு யார் கணக்குப் போட்டார்கள்? இன்று நிரை முடிந்தால் நாளை அடுத்த நிரை. வீடு திரும்பினால் அடுப்பும் துணியும் பிள்ளைகளும். வாழ்நாளில் முதன்முறையாக உடம்புக்குக் கிடைத்த ஓய்வை நம் தாய்மார்கள் தண்டனையாக எண்ணி அழுகிறார்கள். அது தண்டனையன்று. பட்டை வளரும் காலம்.

முழங்காலுக்குப் பதவி தெரியாது

நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "காசு இருந்தா பெரிய எடத்துல வச்சுச் சீக்கிரம் நடக்க வச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தாயாரின் முகம் வாடியது. அவருக்கு நான் சொன்ன செய்தியை இங்கேயும் சொல்கிறேன்.

இந்தியப் பிரதமராக இருந்த அடல் பிகாரி வாஜ்பாய்க்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. அறுவை செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். 1970களில் இக்காலச் செயற்கை முழங்காலுக்கு முன்மாதிரியான வடிவத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஒரு நாட்டின் தலைவர். உலகின் தலைசிறந்த கைகள். எனினும் எலும்பும் தசையும் அவருக்கென்று அவசரம் காட்டவில்லை. பின்னர் 2001ஆம் ஆண்டு ஜூனில் வலது முழங்காலுக்கும் அதே சிகிச்சை நடந்தது. மீண்டும் முதலிலிருந்து நிற்கக் கற்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டு அறுவைகளுக்கும் இடையே, 2000ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் அவர் கேரளத்துக் குமரகத்தில், வேம்பநாட்டு ஏரிக்கரையில் தங்கி ஓய்வெடுத்தார். அங்கே நாட்டைப் பற்றிய தம் சிந்தனைகளை எழுதினார். 2001 ஜனவரித் தொடக்கத்தில் அவை நாளேடுகளில் வெளிவந்தன. அவருக்கு ஏரிக்கரை வாய்த்தது. நமக்கு வீட்டு அஞ்சடி வாய்க்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய ஒன்றைக் கண்டுகொள்வது இருவருக்கும் பொதுவான மருந்து.

என் தாயார் இதைக் கேட்டுவிட்டு, "பிரதமருக்கே ரெண்டு தடவையா? பாவம்" என்றார். அன்றிரவு சற்று உறங்கினார்.

சிறு சிறு ஆறுதல்கள்

எங்களுக்குக் கைகொடுத்த சிலவற்றை வரிசைப்படுத்துகிறேன். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

1. விடியற்காலத் துணை. பழக்கத்தால் நான்கு மணிக்கே அவருக்கு விழிப்பு வந்துவிடும். எல்லோரும் உறங்கும் அந்த வேளையில் வலி பெரிதாகத் தெரியும். கட்டிலருகே ஒரு பிளாஸ்கில் சுக்குக் காப்பியும், கைக்கெட்டும் தூரத்தில் வானொலிப் பெட்டியும் வைத்தோம். மின்னல் பண்பலையைத் தணிவாக வைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்தபடி விடியலைப் பார்த்திருப்பார். யாரையும் எழுப்பாமல் தாமே செய்துகொண்ட காரியம் என்பதே அவருக்குப் பெரிய தெம்பு.

2. அஞ்சடி நாற்காலி. கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியொன்றை வாசலில் போட்டோம். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழுவது கடினம். வீட்டுக்கு எதிரே ஒரு சிறுதோட்டக்காரரின் பால்மரங்கள் உண்டு. மாசியில் இலைகள் சிவந்து உதிர்ந்தன. பிறகு செம்பு நிறத் தளிர் விட்டது. "நாப்பது வருசம் இதுக்குள்ளேயே நடந்தேன், ஒரு நாளு அண்ணாந்து பாக்கல" என்றார்.

3. பனிக்கட்டியும் வெந்நீரும். பயிற்சி முடிந்ததும் பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைப்போம். வெறுந்தோலில் வைக்கலாகாது. புண் நன்கு ஆறி, குளிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன நாளில் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து வெந்நீரில் குளித்தார். "பிள்ள பெத்தவளுக்கு ஊத்துன மாதிரி இருக்கு" என்ற அவருடைய மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலாது.

4. நிரைக் கணக்கு. பயிற்சியை எண்ணிச் செய்ய வேண்டும். அவர் ஒவ்வொரு மடக்கலையும் ஒரு மரமாக எண்ணினார். "காலை நெர முடிஞ்சது" என்று அறிவிப்பார். கால் எத்தனை பாகை மடங்கியது என்பதைவிட, இன்றைய நிரை முடிந்ததா என்பதே கேள்வியாயிற்று. அதற்கு விடை அவர் கையில் இருந்தது.

5. கைவேலை. பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணமே வலியினும் கொடியது. முருங்கைக் கீரையை ஆய்ந்து கொடுக்கச் சொன்னோம். வெள்ளிக்கிழமைதோறும் ஆலயத்துக்கு மாலை கட்டித் தரும் பொறுப்பையும் அவரிடம் விட்டோம். மடியில் வாழைநாருடன் பூக்கூடையை வைத்துக்கொண்ட அந்நாள் முதல், "நான் எதுக்கும் ஆகாதவ" என்ற பேச்சு குறைந்தது.

6. அளவான விருந்தினர். வருபவர் அரை மணி நேரம் இருந்தால் அது மருந்து. அதற்கு மேல் களைப்பு. அறுவையால் கெட்டுப்போன கதைகளைச் சொல்லும் அன்பர்களுக்குத் தேநீர் கொடுத்து விரைவில் வழியனுப்புவது குடும்பத்தார் கடமை.

கவனிக்க வேண்டியவை

ஆறுதல் என்பது அசட்டையாகிவிடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து நெடுநேரம் படுப்பது சுகமாகத் தோன்றும். ஆனால் கால் நீட்ட முடியாமல் இறுகிவிடும். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தால் இரத்தம் உறையாமலிருக்க அது உதவும். தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். நீரிழிவுள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் நன்றாக ஆறும். தைலம் போட்டு உருவி விடுகிறேன் என்று வருவோரை அன்புடன் மறுத்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்தாலும், புண்ணில் நீரோ சீழோ கசிந்தாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். மற்றபடி, வீக்கமும் சூடும் சில மாதங்கள் நீடிப்பது பலருக்கும் உள்ளதே. மூன்று மாதத்தில் அன்றாட வேலைகள் பெரும்பாலும் கைகூடும். முழுமையாகத் தேற ஓராண்டும் ஆகலாம்.

நாற்காலியில் அமர்ந்து வணங்கலாமா?

எட்டாம் வாரத்தில் ஆலயத்துக்கு அழைத்தபோது என் தாயார் தயங்கினார். "எல்லாரும் கீழ ஒக்காந்திருக்க, சாமி முன்னாடி நான் மட்டும் நாக்காலியில ஒக்காரவா? விழுந்து கும்பிடவும் முடியாது." இந்த வெட்கத்தால் வீட்டோடு இருந்துவிடும் மூத்தோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு அப்பர் பெருமானின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன்.

திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கயிலையைக் காணப் புறப்பட்டார். நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்தன. கைகளை ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பால் நகர்ந்தார். அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் உருக்கமாகக் கூறுகிறார். முனிவர் வடிவில் வந்து தடுத்தும் அவர் திரும்பவில்லை. இறுதியில் இறைவன் அவருடைய உறுப்புகளை நலம்பெறச் செய்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில்!

கால் நலமானபின்னும் அவரைக் கயிலை மலைக்கு இறைவன் நடக்க வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திருவையாற்றுக் கோயிலுக்குச் செல்லும் வழியில் பிடியும் களிறும், கோழியும் சேவலும், குயிலும் அதன் பேடையும் இணை இணையாய் வரக் கண்டார். அவற்றிலேயே சிவனையும் சக்தியையும் கண்டார். எட்டாத மலையில் தேடியது, வாசலில் மேயும் கோழியில் கிடைத்தது. கால் எட்டாத இடத்துக்கு இறைவன் தானே வருகிறான் என்றால், நாற்காலியில் அமர்வதில் அவனுக்கு என்ன குறை? அமர்ந்து கைகூப்பினாலும் அது வணக்கமே.

பங்குனி உத்திரத்தன்று

ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பது என் தாயாரின் வழக்கம். இவ்வாண்டு எடுக்க முடியவில்லை. அன்று காலையிலிருந்தே அவர் அதிகம் பேசவில்லை. தாம் கட்டிய மாலையைப் பேரனிடம் கொடுத்து அனுப்பினார்.

இரவு இரதம் எங்கள் சாலை வழியே வந்தது. அஞ்சடியில் நாற்காலி போட்டு, தேங்காய்த் தட்டுடன் அமர்ந்திருந்தார். இரதம் வீட்டு வாசலில் நின்றது. தட்டை வாங்க வந்த இளைஞரிடம் அவர், "இருப்பா" என்று சொல்லி, தடியை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். நான்கு அடி வைத்தார். தட்டைத் தாமே நீட்டினார். அர்ச்சனை முடியும்வரை நின்றுகொண்டிருந்தார். மீண்டும் அமர்ந்தபோது கால் நடுங்கியது.

"அடுத்த வருசம் பால்குடம் எடுக்கலாம்மா" என்றேன்.

"அத அப்ப பாப்போம். இன்னிக்கு நெர முடிஞ்சது" என்றார்.

பக்தப் பெருமக்களே, நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இப்படித் தேறி வருபவர் ஒருவர் இருப்பார். பலர் தோட்டத்தை விட்டு மின்தூக்கி இல்லாத அடுக்குமாடிகளுக்குக் குடியேறி, படியிறங்க முடியாமல் அறைக்குள் அடைபட்டிருக்கிறார்கள். உயரமான நாற்காலி ஒன்று, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, மருத்துவமனைக்கு ஒரு நாள் வாகனத் துணை, வெள்ளிக்கிழமை மாலைக்கு ஒரு கூடைப் பூ, இவையும் தருமமே. "இன்னுமா நடக்கவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். பட்டை அதன் வேகத்தில் வளரட்டும். அருகே அமர்ந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் நலமுற்று வாழ்வாராக!